ஆடம்ஸ் பக்கம் பேசிய அத்தான்

எண்: ர/01 | திருத்தம் 0 | பக்கம் 1/1
முசஃபா, அபுதாபி, 12 ஏப்ரல் 2025

மாப்பிள்ளை பாலகுருவுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். உன் இருமல் எப்படி என்று உன் அக்கா சந்தியா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று சிரிப்பாய். உன் அக்காவின் தீர்ப்பு இது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாம் அடித்துக்கொண்டதைத் திருச்சியில் இருக்கிற பெரியப்பா வரைக்கும் படித்துவிட்டார்களாம். "சண்டை போடணும்னா பேப்பர்ல போடுங்க. எழுதி முடிக்கறதுக்குள்ள பாதிக் கோவம் ஆறிடும். நீங்க பட்டிமன்றத்துல பேசின அந்த அமெரிக்காக்காரங்க ரெண்டு பேரும் கடைசில லெட்டர் எழுதித்தான சேர்ந்தாங்க?" என்றாள். எங்கள் யார்டிலிருந்து ஜுபைலுக்குக் குழாய் ஏற்றிப்போகும் டிரெய்லர் டிரைவர் செய்கு முகம்மது இதை உன் கேம்ப் வாசலில் கொடுப்பார். மேலே எதற்கு எண் என்று கேட்காதே. கம்பெனிக் காகிதங்களுக்கு எண்ணும் திருத்த எண்ணும் போடும் டாக்குமெண்ட் கன்ட்ரோலில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன், எண் போடாமல் எதையும் கையைவிட்டு அனுப்ப மாட்டான்.

விஷயத்துக்கு வருகிறேன். பெருநாள் விடுமுறைக்கு வந்தாய், சாப்பிட்டாய், எங்கள் தமிழ் வட்டத்தின் பட்டிமன்றத்தில் பேசினாய், எல்லாம் சந்தோஷம். மாமியாரா மருமகளா என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன இளவேனில் டீச்சர், தான் பள்ளிக்கூடத்தில் நடத்தும் அமெரிக்கச் சரித்திரத்திலிருந்து தலைப்பு எடுத்தார். பகைத்துக்கொண்ட இரண்டு நண்பர்களில் பெரியவர் ஜான் ஆடம்சா, தாமஸ் ஜெஃபர்சனா? சீட்டு குலுக்கியதில் எனக்கு ஆடம்ஸ், உனக்கு ஜெஃபர்சன். மூன்று வாரம் படித்துப் பதினான்கு பக்கம் குறிப்பு எழுதினேன். சேர்ந்து ஒரு நாட்டையே உண்டாக்கியவர்கள், 1800 தேர்தலில் எதிரெதிரே நின்றார்கள். நண்பன் மேல் சேற்றை வாரி இறைத்த எழுத்தாளனுக்கு ஜெஃபர்சன் மறைவாகப் பணம் கொடுத்தார். "மறைஞ்சிருந்து அடிக்கிறவன் பெரியவனா?" என்று மேசையைத் தட்டிக் கேட்டேன். நாலு பேர் கைதட்டினார்கள்.

நீ என்ன செய்தாய்? ஆடம்ஸ் சாகிற நேரத்தில் "ஜெஃபர்சன் இன்னும் இருக்கிறார்" என்றாராம். அதே நாளில் சில மணி நேரம் முன்பே ஜெஃபர்சன் போய்விட்டது அவருக்குத் தெரியாது. இதைச் சொல்லிவிட்டு நீ பேசாமல் அப்படியே நின்றாய். மண்டபமே மூக்கை உறிஞ்சியது. என் மகன் விஷால் நாற்காலி மேல் ஏறிக் கத்தினான். உன் அக்கா அழுதாள். நான் பேசியபோது அவள் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கதை என் குறிப்பில் பதினோராம் பக்கம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று எடுத்துப் பரிமாறிவிட்டாய். கேட்டிருக்கலாம். அவ்வளவுதான்.

வெயில் ஏறுகிறது. தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

ரகுநாதன்


ஜுபைல், சவூதி, 2 மே 2025

அன்பான அத்தானுக்கு,

இருமல் போய்விட்டது. அக்கா கொடுத்த திப்பிலி டப்பாவை அறையில் இருக்கிறவர்கள் காலி செய்துவிட்டார்கள். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

கடிதத்துக்கு எண் போட்டதைப் பார்த்துச் சிரித்தது உண்மைதான். மளிகை லிஸ்டுக்கே திருத்தம் 0, திருத்தம் 1 என்று போடுகிறவர் நீங்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

பதினோராம் பக்கத்தை நான் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் நீங்கள்தான் விரித்துக் காட்டினீர்கள். ஆனால் அந்தப் பத்தி மேல் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு, "பொருளுக்குப் புறம்பு" என்று எழுதியிருந்தது. நீங்கள் வேண்டாம் என்று தள்ளியதைத்தான் எடுத்தேன். இருந்தாலும் கேட்டிருக்க வேண்டும். தப்புதான் அத்தான்.

ஒரு சந்தோஷம் சொல்ல வேண்டும். இளவேனில் டீச்சர் போன் செய்தார். துபாயில் அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி தீபாவளி விழா, இரண்டாயிரம் பேர் வருவார்களாம். அந்தப் பட்டிமன்றத்துக்கு என்னை நடுவராகக் கூப்பிடுகிறார்கள்! பேச்சாளர்கூட இல்லை, நடுவர்! இந்தப் பிளாண்டில் பதினோரு வருஷமாக யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பேட்ஜ் நம்பர்தான். அங்கே மைக்கில் என் பெயரைச் சொல்வார்கள் என்று நினைத்தாலே என்னவோ செய்கிறது. அறைத்தோழன் ராக்கப்பன் காலையில், "யோவ் நடுவரே, சீக்கிரம் தீர்ப்பச் சொல்லிட்டு பாத்ரூம விட்டு வாய்யா, டூட்டிக்கு நேரமாச்சு" என்கிறான்.

உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

என்றும் உங்கள்
பாலகுரு


எண்: ர/02 | திருத்தம் 0 | பக்கம் 1/1
முசஃபா, 20 மே 2025

மாப்பிள்ளைக்கு,

முழங்கால் அப்படியே இருக்கிறது. மற்றபடி நலம்.

எனக்குத்தான் முதலில் எழுதினேன் என்கிறாய். உன் கடிதம் வருவதற்குப் பத்து நாள் முன்பே உன் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. போனில் சொல்லியிருக்கிறாய். இந்தக் கட்டடத்தில் ஆறு மாடிக்கும் அவள் சொல்லியாகிவிட்டது. லிஃப்டில் ஒரு மலையாளி, "உங்க மச்சான் பெரிய ஸ்பீக்கராமே?" என்று என்னிடம் விசாரிக்கிறார்.

கேசரி கிண்டினாள். நான் மேலாளர் ஆனபோது கடையில் வாங்கினாள்.

வாழ்த்துகள். ஒன்று மட்டும் சொல்கிறேன். நடுவர் என்றால் இரண்டு பக்கமும் படித்திருக்க வேண்டும். மேடையில் குரலை ஏற்றி இறக்குவது வேறு, விஷயம் தெரிந்திருப்பது வேறு. நீ ஐடிஐ முடித்தவன், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. இருந்தாலும் இரண்டாயிரம் பேர் முன்னால் கேள்வி வந்தால் என்ன செய்வாய் என்ற கவலை எனக்கு இருக்காதா? அக்கறையில் எழுதுகிறேன்.

தண்ணீர் நிறையக் குடி.

ரகுநாதன்


ஜுபைல், 14 ஜூன் 2025

அத்தானுக்கு,

பக்ரீத் அன்று கேம்ப்பில் பிரியாணி. உங்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். விஷால் பரீட்சை எழுதிவிட்டானா?

நீங்கள் சொன்னது சரி. படிக்கத்தான் வேண்டும். டீச்சர் புத்தகப் பட்டியல் அனுப்பியிருக்கிறார். பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், அதில் படிக்கிறேன். லீவுக்கு எழுதிக் கொடுத்து ஃபோர்மேன் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

இங்கே ஒரு கடையில் பட்டுக்கரை வேட்டியும் சந்தன நிறச் சட்டையும் எடுத்தேன். மேடைக்கு. ராக்கப்பன் என்னைக் கட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஏலே, நெசமாவே பெரிய மனுசன் மாதிரி இருக்கியேடா" என்றான். மறுபடி கடை மடிப்பிலேயே மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

என் தொடக்க உரையை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் சிவப்பு மையை எடுத்துக் கோடு போட்டு அனுப்புங்கள். நீங்கள் அடிக்கிற இடத்தில்தானே எனக்குக் கைதட்டல் கிடைக்கும்!

விளையாட்டுக்குச் சொன்னேன் அத்தான். நீங்கள் பார்த்துவிட்டால் எனக்குத் தைரியம்.

பாலகுரு


எண்: ர/03 | திருத்தம் 0 | பக்கம் 1/1
முசஃபா, 5 ஜூலை 2025

பாலகுருவுக்கு,

நலம். யார்டில் ஆடிட் நடப்பதால் உன் உரையைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. எப்போது கிடைக்கும் என்றும் சொல்வதற்கில்லை.

நடுவர் விஷயத்தை விழாக் குழு எழுத்தில் கொடுத்திருக்கிறதா? எழுத்தில் இல்லாத எதையும் நம்பிச் சட்டை எடுக்கக் கூடாது.

விஷால் பாஸ்.

ரகுநாதன்


ஜுபைல், 3 ஆகஸ்ட் 2025

அத்தானுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? இங்கே ஈரப்புழுக்கம் தாங்கவில்லை.

நீங்கள் சொன்ன மாதிரியே ஆகிவிட்டது. விழாக் குழுவுக்கு மொட்டைக் கடிதம் போயிருக்கிறது. "பாலகுரு என்பவர் சொந்தமாகச் சிந்தித்துப் பேசுபவர் அல்லர். பிறர் உழைத்து எழுதிய குறிப்புகளைத் திருடிப் பேசுபவர். இவரை நடுவர் நாற்காலியில் அமர்த்துவது தமிழுக்கே இழுக்கு." கீழே "ஒரு நலம்விரும்பி" என்று மட்டும் இருக்கிறதாம். டீச்சர் போனில் படித்துக் காட்டினார். படிக்கும்போது அவர் குரலே சரியில்லை.

குழுவிலிருந்து ஒருவர் கூப்பிட்டுக் கேட்டார். "அந்தப் பேச்சில் இருந்தது உங்கள் சொந்தக் குறிப்பா?" இல்லை என்றேன். உண்மை அதுதானே. யாருடையது என்றார். என் அத்தானுடையது, அபுதாபியில் இருக்கிறார், எங்கள் குடும்பத்திலேயே பெரிய படிப்பாளி என்றேன். பெயரையும் நம்பரையும் வாங்கிக்கொண்டார். மறுநாள், "தப்பா நினைக்காதீங்க தம்பி, பிரச்சினை வேண்டாம்னு பாக்குறாங்க, கலாஸ், அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார்.

லீவு ரத்து என்று ஃபோர்மேனிடம் சொல்லப் போனேன். "கியா ஹுவா பாய்?" என்று கேட்டார், என்ன ஆச்சு என்று. எழுதிக் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

யார் எழுதியிருப்பார்கள் அத்தான்? அன்றைக்கு மண்டபத்தில் இருந்த யாரோதான். உங்களுக்கு எல்லோரையும் தெரியும், விசாரித்துச் சொல்லுங்கள். சண்டை போட அல்ல. நான் என்ன கெடுதல் செய்தேன் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பாலகுரு


எண்: ர/04 | திருத்தம் 0 | பக்கம் 1/1
முசஃபா, 23 ஆகஸ்ட் 2025

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் நலம்.

விசாரித்தேன். யார் என்று தெரியவில்லை. இப்படிப்பட்டவற்றைக் கிளறாமல் விடுவது நல்லது. மேடை என்றால் நாலு பேர் நாலு விதமாகத்தான் இருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நடுவர் நாற்காலிக்கு அவர்கள் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் போய்க் கேட்கவில்லை, அவர்களாக வந்தார்கள். மறுத்தால் குடும்பத்துக்கே அவமானம் என்று யோசித்துச் சம்மதித்தேன். ஒரு வகையில் நம் வீட்டிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்.

உன் அக்கா இதற்கு ஒன்றும் கிண்டவில்லை.

உடம்பைக் கவனி.

ரகுநாதன்


ஜுபைல், 16 செப்டம்பர் 2025

அத்தானுக்கு,

சுகம்தானே? நானும் சுகம்.

நடுவரானதற்கு வாழ்த்துகள். செய்கு முகம்மது அண்ணனிடம் ஒரு பார்சல் கொடுத்திருக்கிறேன். அதில் அந்த வேட்டியும் சட்டையும் இருக்கின்றன. எனக்கு இங்கே கட்டிக்கொண்டு போக இடம் எது? நாம் இரண்டு பேரும் ஒரே உடம்புவாகுதான். மேடையில் நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள்.

மொட்டைக் கடிதத்தின் நகலை டீச்சர் அனுப்பினார். அதையும் பார்சலில் வைத்திருக்கிறேன். உங்கள் ஃபைலில் இருக்கட்டும்.

பாலகுரு


எண்: ர/05 | திருத்தம் 0 | பக்கம் 1/1
முசஃபா, 11 அக்டோபர் 2025

பாலகுரு,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அதனால் நேராக எழுதுகிறேன்.

பார்சலைப் பிரித்து நகலைப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது: "திருத்தம் 0, பக்கம் 1/1". அந்த மொட்டைக் கடிதத்தை நான்தான் அலுவலகக் கம்ப்யூட்டரில் அடித்தேன். கம்பெனி பெயரை எடுத்தேன், என் பெயரை எடுத்தேன், தேதியைக்கூட எடுத்தேன். அந்த வரி இருபத்திரண்டு வருஷமாக நான் எழுதும் எல்லாவற்றிலும் தானாக வந்து உட்காருவது. அது என் கண்ணில் படவே இல்லை. மொட்டைக் கடிதத்துக்குப் பக்க எண் போட்ட முட்டாள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஏன் என்று கேட்டாயே, சொல்கிறேன். பொறாமை. வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எனக்கு வீடு, கார், குடும்பம், பதவி எல்லாம் இருக்கிறது. உனக்கு ஒரு கட்டிலும் ஒரு குரலும்தான். அந்தக் குரலையும் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் கோடு போட்டு அடித்த இடத்தில்தான் உனக்குக் கைதட்டல் என்று எழுதினாயே, அன்றைக்குத்தான் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை அடித்தேன். நீ எழுதியது விளையாட்டுக்கு என்று தெரியும். அது உண்மையும்கூட என்பதுதான் எரிந்தது. ஜெஃபர்சன் மறைந்திருந்து அடித்தார் என்று மேசையைத் தட்டியவன் நான். அவருக்காவது ஒரு ஆள் வேண்டியிருந்தது.

கீழே இருப்பதை விழாக் குழுவுக்கு நேற்றே அனுப்பிவிட்டேன். டீச்சருக்கும் ஒரு நகல் போயிருக்கிறது.

"திருத்தம் 1. பாலகுரு சொந்தமாகச் சிந்தித்துப் பேசுபவர். அன்று அவர் எடுத்தது, நான் வேண்டாம் என்று அடித்த ஒரு பத்தியை மட்டுமே. முந்தைய கடிதத்தை எழுதியவன் நான். காரணம் பொறாமை. நடுவர் நாற்காலி எனக்கு வேண்டாம், அவருக்கே கொடுங்கள். இதற்கு முந்தைய பதிப்பு செல்லாது. ரகுநாதன், முசஃபா."

பதிலும் வந்துவிட்டது. இரண்டு பேரும் வேண்டாமாம், ஷார்ஜாவில் ஒரு ஆடிட்டரைப் பேசிவிட்டார்களாம். நான் கெடுத்ததை என்னாலேயே திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

உன் அக்காவிடம் சொன்னேன். "என் தம்பிக்கு இருந்ததே அது ஒண்ணுதாங்க" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள்.

ரகுநாதன்


ஜுபைல், 2 நவம்பர் 2025

அத்தானுக்கு,

கடிதம் வந்தது.

நகலைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரியும். உங்கள் கடிதங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கூடப் பார்த்தேன். ராக்கப்பனிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் வேட்டியைப் பார்சல் கட்டி அனுப்பினேன். நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்குச் சுடட்டும் என்றுதான் அனுப்பினேன்.

விழா அன்றைக்கு எனக்கு டூட்டி. நாள் முழுக்க ஒரு வால்வு முன்னால் நின்றேன்.

அந்த அமெரிக்கர்கள் இரண்டு பேரும் பதினோரு வருஷம் எழுதிக்கொள்ளாமல் இருந்தார்கள் என்று படித்தேன். எவ்வளவு நாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போதைக்கு எழுதாதீர்கள். அக்காவைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலகுரு


முசஃபா, 1 ஜனவரி 2026

பாலகுரு,

எழுதாதே என்றாய். இரண்டு மாதம் எழுதவில்லை. அந்தப் பதினோரு வருஷத்துக்குப் பிறகு ஜெஃபர்சனுக்கு ஆடம்ஸ் முதல் கடிதத்தை 1812 ஜனவரி ஒன்றாம் தேதிதான் எழுதினார். அந்தத் தேதியைச் சாக்காக வைத்துக்கொள்கிறேன். இதற்கு எண் போடவில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

அக்டோபரில் அந்த விழாவுக்குப் போனேன். தண்டனை என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆடிட்டர் நன்றாகத்தான் பேசினார், யாரும் மூக்கை உறிஞ்சவில்லை. விஷால் கேட்டான், "மாமா ஏம்ப்பா மேல இல்ல?" "அப்பா செஞ்ச காரியத்தாலடா" என்றேன். வீடு வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான்.

அந்த நாற்காலியைப் பார்த்து, இதில் பாலகுரு அல்லவா இருக்க வேண்டும் என்று உருகினேன் என்று எழுத ஆசை. அது பொய். முதலில், நான் அங்கே உட்கார்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். இரண்டாவதாகத்தான் உன்னை நினைத்தேன். ஐம்பது வயதில் இவ்வளவுதான் திருந்த முடிந்திருக்கிறது.

உன் அக்கா இப்போது கொஞ்சம் பேசுகிறாள். நேற்று, "உப்பு போதுமா?" என்று கேட்டாள்.

வேட்டி சட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். நான் கட்டவில்லை. வந்த மடிப்புகூடக் கலையவில்லை. உன் தொடக்க உரையும் உள்ளே இருக்கிறது. படித்தேன். எங்கும் கோடு போடவில்லை, போட இடமும் இல்லை. செய்கு முகம்மது பதினைந்தாம் தேதி திரும்பி வருவார். அன்றைக்கு யார்டு கேட்டில் நிற்பேன்.

ரகுநாதன்


எண்: பா/06 | திருத்தம் 0 | பக்கம் 1/1
ஜுபைல், 13 ஜனவரி 2026

அத்தானுக்கு,

குளிர் இங்கே அதிகம். முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள். அக்காவுக்கும் விஷாலுக்கும் பொங்கல் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

பார்சல் வந்தது. வந்த மடிப்பு கலையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரன் மடித்தது எட்டு மடிப்பு. நான் அனுப்பியதும் எட்டு. வந்திருப்பது நாலு மடிப்பு, அதுவும் இஸ்திரி போட்டு. சட்டைக் கழுத்தில் உங்கள் சென்ட் வாசனை. ராக்கப்பனைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னேன். "இது யாரோ பெரிய ஆபீசர் போட்ட சட்டைல்ல?" என்றான்.

கண்ணாடி முன்னால் ஒரு நாளாவது கட்டிப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்திருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? மொட்டைக் கடிதத்தை ஒத்துக்கொண்டீர்கள், பொறாமையை ஒத்துக்கொண்டீர்கள், இதை மட்டும் மறைத்துவிட்டீர்களே. அன்றைக்கு நகலைப் பார்த்துப் பொங்கிய எனக்கு, இந்த நாலு மடிப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கூட வேறு ஏதோ ஒன்றும் வந்தது. அறையில் ஆள் இருந்ததால் முகம் கழுவப் போய்விட்டேன்.

கோபம் முழுசாகப் போய்விட்டது என்று எழுத மாட்டேன். நோன்புப் பெருநாளுக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வருவேன். வரும்போது கடையில் வேட்டி சட்டை இரண்டு செட் எடுத்து வருகிறேன்.

பாலகுரு